படிவம் வாங்குமுன் திடல் ஓரம் ஒரு மணி நேரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புதிய பருவத்துக்கு ஆள் சேர்க்கும் காற்பந்து அகாடமி விளம்பரங்கள் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் மறுபடியும் வரத் தொடங்கிவிட்டன. கோப்பையைத் தூக்கிப் பிடித்த பிள்ளைகள், ஓர் ஐரோப்பிய கிளப்பின் சின்னம், கீழே "இடங்கள் குறைவு". கோலாலம்பூரிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள போட்டிநிலைப் பயிற்சித் திட்டங்களில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று குழம்பும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

படிவம் வாங்குமுன், யாருக்கும் சொல்லாமல் ஒரு பயிற்சி நாளில் திடலுக்குப் போய் ஓரமாக நில்லுங்கள். இலவச அறிமுகப் பயிற்சி நாளன்று போகாதீர்கள். அன்று எல்லாப் பயிற்றுநரும் தங்கமானவர்கள். சாதாரணச் செவ்வாய்க்கிழமை மாலைதான் சரி. கைப்பேசியில் ஸ்டாப்வாட்சைப் போட்டு, ஒரே ஒரு பையனை மட்டும் கவனியுங்கள். இருபது பேர் ஒரே வரிசையில் நிற்கிறார்கள், எதிரே ஒரு கோல் என்று வைத்துக்கொள்வோம். ஓடி வந்து, பந்தைப் பயிற்றுநருக்குத் தட்டி, திரும்ப வாங்கி, கோலை நோக்கி உதைக்க ஆளுக்குப் பத்து வினாடி ஆகும். அப்படியானால் அவன் முறை 200 வினாடிக்கு ஒரு தடவைதான் வரும். 15 நிமிடத்தில் நான்கு அல்லது ஐந்து உதை. மிச்ச நேரம் முன்னால் நிற்பவனின் ஜெர்சியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பான். அதே இருபது பேரை ஐவருக்கு ஐவர் என்று இரண்டு சிறு திடல்களில் விளையாட விட்டால், பந்து நிமிடத்துக்கு நிமிடம் காலுக்கு வரும். எதிராளி நெருங்கும்போது யாருக்குக் கொடுப்பது என்று அவனே முடிவெடுக்கவும் வேண்டியிருக்கும். வரிசையில் நின்று அது வராது.

பயிற்றுநரின் வாயையும் கவனியுங்கள். "பாஸ் பண்ணு, ஷூட் பண்ணு" என்று ஒவ்வொரு தொடுதலுக்கும் கத்துபவரிடம் பிள்ளை காதால் விளையாடப் பழகிவிடுகிறான். நல்லவர் ஆட்டத்தை நிறுத்தி, "உன் பின்னால் யார் இருந்தான், பார்த்தாயா?" என்று கேட்பார். அரை நிமிடத்தில் ஆட்டம் மறுபடி தொடங்கிவிடும்.

அடுத்தது உரிமம். ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் (ஏஎஃப்சி) பயிற்றுநர் உரிமங்கள் டி, சி, பி, ஏ, புரோ என்று மேலே போகின்றன. விளம்பரத்தில் போடும் "ஏ உரிமம்" பெரும்பாலும் தலைமைப் பயிற்றுநருடையது. உங்கள் பிள்ளையின் பிரிவுக்கு வாரந்தோறும் திடலில் நிற்பவர் யார், அவர் உரிமம் எது, எதுவரை செல்லுபடியாகும் என்று கேளுங்கள். கிளப் பெயரும் அப்படித்தான். பெயரைப் பயன்படுத்த ஒப்பந்தம் இருக்கலாம், ஆனால் அந்த ஐரோப்பிய நகரத்திலிருந்து யாரும் செந்தூலுக்கு வந்து பாடம் எடுக்கப் போவதில்லை. 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஒரு பயிற்றுநருக்குப் பன்னிரண்டு பேர் சரி, பதினாறைத் தாண்டினால் யோசிக்க வேண்டும்.

கோப்பைகளை வைத்து அகாடமியை எடை போடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பெரியவர்களின் கோல் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். பத்து வயதுப் பையன் கையை நீட்டிக் குதித்தாலும் மேல்கம்பத்தை எட்டமாட்டான். அந்தக் கோலை வைத்து பதினொருவர் ஆட்டம் நடத்தினால், தூரத்திலிருந்து பந்தை உயரமாகத் தூக்கி உதைக்கும் அணிதான் ஜெயிக்கும். பந்தைத் தரையில் உருட்டிக் கற்றுக்கொள்ளும் அணி தோற்கும். கோப்பை அலமாரியை நிரப்ப நினைப்பவர், உடல் வளர்ந்த இரண்டு பையன்களை முன்னால் நிறுத்திவிட்டு "தூக்கி அடி" என்பார். பதினான்கு வயதில் மற்றவர்களும் வளர்ந்துவிட, அந்த இருவருக்கும் கையில் வேறு வித்தை இருக்காது. முதலில் எழுவர், பிறகு ஒன்பதின்மர், 13 வயதுவாக்கில்தான் பதினொருவர் என்பதே உலகம் முழுவதும் பொதுவாகப் பின்பற்றப்படும் வரிசை. பந்தும் அதுவரை 4-ஆம் அளவுதான், பெரியவர்களின் 5 அல்ல.

பிறந்த மாதமும் இதில் விளையாடுகிறது. வயதுப் பிரிவு ஜனவரி 1-இல் தொடங்குவதால், பொங்கலுக்கு முன் பிறந்தவனும் தீபாவளி கழிந்து பிறந்தவனும் ஒரே பிரிவில் வருவார்கள். பத்து வயதில் பத்து மாத வித்தியாசம் என்பது உயரத்திலும் ஓட்டத்திலும் பளிச்சென்று தெரியும். அணியில் எத்தனை பேர் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் என்றால், அங்கே திறமையைவிட உயரத்தைப் பார்த்துத்தான் ஆள் எடுக்கிறார்கள். டிசம்பரில் பிறந்த பிள்ளையின் பெற்றோர் இந்தக் கேள்வியை விடவே கூடாது.

சேர்ந்த பிறகு ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தில் ஆட்ட நிமிடங்களைக் குறித்துவையுங்கள். ஞாயிற்றுக்கிழமை கார்னிவலில், அதாவது ஒரே நாளில் நடக்கும் போட்டித் தொடரில், நான்கு ஆட்டம், ஒவ்வொன்றும் 20 நிமிடம் என்றால் மொத்தம் 80 நிமிடம். பிள்ளைக்குக் கிடைத்தது 15 நிமிடம் என்றால், காலை ஏழு மணிக்குக் கிளம்பி மாலை ஐந்துக்குத் திரும்பியது எதற்காக? ஒன்பதின்மர் அணிக்கு 14 பேர் போதும். 22 பேரைச் சேர்த்திருந்தால் பெஞ்சில் உட்காரவும் நீங்கள் பணம் கட்டுகிறீர்கள்.

பணத்தை ஓராண்டுக்குக் கூட்டிப் பார்க்க வேண்டும். மாதக் கட்டணம் 150 ரிங்கிட் என்றால் ஆண்டுக்கு 1,800. இரண்டு செட் ஜெர்சி 160. பத்துப் போட்டிகளுக்கு ஐம்பது ஐம்பதாக 500. ஈப்போவுக்கோ பினாங்குக்கோ இரண்டு முறை குடும்பத்தோடு போய்த் தங்கினால் 800. கால் வளரும் வயதில் இரண்டு ஜோடி பூட்ஸ் 400. ஆக 3,660, அதாவது மாதம் 305 ரிங்கிட். விளம்பரத்தில் பார்த்ததைப் போல இரண்டு மடங்கு. ஓராண்டுக் கட்டணத்தை முன்கூட்டிக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள், கட்டாதீர்கள். மழையால் நின்றுபோன பயிற்சிக்கு மாற்று நாள் உண்டா, இடையில் விலகினால் எவ்வளவு திரும்ப வரும், வேறு அணிக்குப் போக விடுவிப்புக் கடிதம் தருவார்களா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழியாகச் சொல்வதெல்லாம் தண்ணீரில் எழுதிய எழுத்து.

"ஸ்பெயினில் ஒப்பந்தம் வாங்கித் தருகிறோம்" என்ற பேச்சுக்கு மயங்கி நகையை அடகு வைப்பவர்களும் இருக்கிறார்கள். ஃபிஃபாவின் வீரர் மாற்ற விதிகளில் 19-ஆம் பிரிவு, 18 வயதுக்குட்பட்டவர்கள் நாடு விட்டு நாடு கிளப் மாறுவதைப் பொதுவாகத் தடை செய்கிறது. காற்பந்துக்குத் தொடர்பில்லாத காரணத்துக்காகப் பெற்றோரே அந்த நாட்டுக்குக் குடிபெயர்வது போன்ற குறுகிய விலக்குகள்தான் உண்டு. 13 வயது மலேசியச் சிறுவனுக்கு ஐரோப்பாவில் "டிரையல்" என்று விற்கப்படுவது பெரும்பாலும் சுற்றுலாதான். சுற்றுலா என்று தெரிந்தே போனால் தப்பில்லை. உள்ளூரில் மேலே போகும் வழி வேறு: பள்ளி அணி, வட்டார அணி, மாநிலப் பள்ளி அணி, விளையாட்டுப் பள்ளித் தேர்வு, பகாங் மாநிலம் கம்பாங்கில் உள்ள, அரசாங்கத்தின் மொக்தார் டஹாரி காற்பந்து அகாடமி. அந்த இடங்களை விற்கும் உரிமை எந்தத் தனியார் அகாடமிக்கும் கிடையாது.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதற்கு விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் எளிய அளவு: பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது. பத்து வயது என்றால் பத்து மணி நேரம், அதில் பள்ளி அணியின் பயிற்சியும் அடக்கம். வளரும் வயதில் குதிகாலிலோ முழங்காலுக்குக் கீழே புடைத்த எலும்பிலோ வலி என்றால், வளர்ந்துகொண்டிருக்கும் எலும்பைத் தசைநார் இழுப்பதால் வருவதாக இருக்கலாம். "நடிக்கிறான்" என்று ஓட வைக்கும் பயிற்றுநரிடமிருந்து பிள்ளையை அழைத்து வந்துவிடுங்கள். செயற்கைப் புல் திடலுக்கு, புல் தரைக்கான நீளமான ஆணி பூட்ஸ் வேண்டாம். ஆணி புல்லில் மாட்டிக்கொண்டு முழங்கால் திருகும். குட்டையான ரப்பர் ஆணிகள் கொண்ட டர்ஃப் பூட்ஸ் போதும், விலையும் குறைவு.

கோலாலம்பூரில் மாலைப் பயிற்சி என்றால் இடியும் உண்டு. மின்னலுக்கும் இடிச் சத்தத்துக்கும் இடையே 30 வினாடிக்குக் குறைவாக இருந்தால் திடலைக் காலி செய்து கட்டடத்துக்குள் போக வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். மரத்தடியிலோ கூடாரத்திலோ ஒதுங்க வைப்பவர் அந்த வேலைக்கு லாயக்கில்லை. நகர்த்தும் கோல் கம்பங்களைப் பின்பக்கம் மணல் மூட்டை வைத்து அழுத்தியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். மேல்கம்பத்தில் தொங்கும் பிள்ளைகளின் மேல் அது கவிழ்ந்து உயிர்கள் போயிருக்கின்றன.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். விளையாட்டுப் பள்ளி, மாநில அணித் தேர்வு அறிவிப்புகள் மலாயில் வெளியாகி, தேதி முடிந்த பிறகுதான் நம் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் பலருக்குத் தெரிய வருகின்றன. விண்ணப்பத் தேதி, வயது வரம்பு, தேர்வு நடக்கும் திடல் ஆகியவற்றை உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு சிறு பெட்டிச் செய்தியாக இரண்டு வாரம் முன்னதாகப் போட்டால் போதும். பெண் பிள்ளைகளுக்கான தேர்வுகளையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
இளையோர் காற்பந்துப் பயிற்றுநர்,
செந்தூல், கோலாலம்பூர்