கீசரிலிருந்து கொட்டிய கல்

பெரும்பாக்கம்,
ஞாயிறு மதியம்

அன்புள்ள கோமு,

ஏழு மாதமாகப் பதில் போடாதவளுக்கு இப்போது மட்டும் என்ன வந்தது என்று நீ உதட்டைச் சுழிப்பது இங்கிருந்தே தெரிகிறது. திட்டிக்கொள். இங்கே எல்லாரும் சௌக்கியம். அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, நாக்குதான் இல்லை. பெரியம்மா விஷயம் போனில் சொன்னதோடு சரி.

நான் எழுத உட்கார்ந்தது கீசரைப் பற்றி. சிரிக்காதே.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை கீசர் செத்துப்போனது. குடிவந்த பதினான்கு மாதத்தில் தண்ணீரைச் சூடாக்கும் காயில் போவது இது இரண்டாவது தடவை. ரிப்பேருக்கு வந்த தம்பி கீழே ஒரு பக்கெட்டை வைத்துவிட்டு மூடியைக் கழற்றினான். தண்ணீர்தான் வடியும் என்று பார்த்தால், பொலபொலவென்று கல் கொட்டியது. நிஜமாகவே கல்லடி! முட்டையோடு மாதிரிச் சில்லுகளும் கட்டிகளுமாகக் கால் பக்கெட். காயிலோ பொங்கலுக்குப் பத்துத் தடவை வெள்ளையடித்த சுவர் போலத் தடித்திருந்தது. "சூடு தண்ணிக்குப் போக வழியில்லக்கா, காயிலுக்குள்ளேயே நின்னுக்கும். அப்புறம் வெடிக்காம என்ன செய்யும்?" என்றான். தொட்டி துருப்பிடிக்காமல் இருக்க, தான் கரைந்துபோவதற்கென்றே உள்ளே ஒரு மெக்னீசியம் கம்பி வைத்திருப்பார்களாம். எங்கள் வீட்டில் அது ஊதுவத்திக் குச்சி அளவுக்கு மிஞ்சியிருந்தது. எனக்கு லலிதா மிஸ் ஞாபகம் வந்தது. ஏன் என்று உனக்குத் தெரியும்.

வெட்கக்கேட்டைக் கேள். நீயும் நானும் மூன்று வருஷம் கெமிஸ்ட்ரி படித்தவர்கள். பைகார்பனேட் கரைந்த தண்ணீரைச் சூடாக்கினால் கார்பன் டை ஆக்சைடு பறந்துபோய், கால்சியம் கார்பனேட் அடியில் படியும் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதினோமே! அதே ஆள்தான் இங்கே கீசரை 75 டிகிரியில் வைத்துக்கொண்டு, "கம்பெனி சரியில்லை" என்று புலம்பிக்கொண்டிருந்தேன். அறுபதைத் தாண்டினால் படிவது இன்னும் வேகமாகிவிடுகிறது. இப்போது ஐம்பதில் வைத்திருக்கிறேன்.

இதோடு விட்டேனா? தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவு கரைந்திருக்கிறது, அதாவது கடினத்தன்மை எவ்வளவு என்று சோதனை செய்யும் சொட்டு மருந்துப் புட்டி ஒன்று வாங்கினேன். திராட்சை ரச நிறம் நீலமாக மாறும் வரை எண்ணிக்கொண்டே சொட்டு விட வேண்டும். நம் ஈடிடிஏ டைட்ரேஷனேதான்! நீ பக்கத்தில் இருந்திருந்தால் வழக்கம்போல ஒரு சொட்டு கூடப் போட்டுவிட்டு என் நோட்டைப் பார்த்து எழுதியிருப்பாய். எங்கள் போர் தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 640 மில்லிகிராம். குடிதண்ணீருக்கு 200-க்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 600 வரை போகலாம் என்கிறது குடிதண்ணீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500. நாங்கள் அதையும் தாண்டியாகிவிட்டது.

உடனே கடினத்தன்மையைப் போக்கும் சாஃப்ட்னர் ஒன்று மாட்டினோம். இவர், தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். மாட்டுவதற்கு முன்னும் 1100, மாட்டிய பிறகும் 1100. "பார்த்தியா, ஏமாத்திட்டான்!" என்று இரண்டு நாள் வீட்டில் ஒரே ரகளை. சாஃப்ட்னர் உப்பை எடுப்பதே இல்லை. கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது, அதனால் மீட்டருக்கு வித்தியாசமே தெரியாது என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்கவில்லை. கடைசியில் அவர் கையாலேயே சொட்டு விடச் சொன்னேன். முதல் சொட்டிலேயே நீலம். மனுஷன் பேப்பரை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார்.

உனக்கென்ன, சிறுவாணித் தண்ணீர் குடிக்கிற மகாராணி. உலகத்திலேயே இரண்டாவது ருசியான தண்ணீர் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்வீர்கள், முதலாவது எது என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் இங்கே வந்த பிறகு நானும் அதையேதான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அங்கே இரண்டு விசிலில் மசிந்த துவரம்பருப்பு இங்கே ஆறு விசிலுக்கும் முழித்துக்கொண்டு நிற்கும். குக்கரை மாற்றினேன். கடைக்காரரோடு சண்டை போட்டேன். இப்போது ஆர்ஓ தண்ணீரில் வேகவைக்கிறேன், ஒழுங்காக மசிகிறது.

கோமு, இனிமேல் சொல்வதுதான் மனதை அறுக்கிறது. எங்கள் வீட்டு வேலைக்கு வந்த செல்வியைப் பற்றிப் போனில் சொன்னேனே, சோப்புத்தூளை அள்ளி அள்ளிப் போடுகிறாள், பாதியை வீட்டுக்குக் கொண்டுபோகிறாளோ என்று? ஒருநாள் அவள் எதிரிலேயே டப்பாவில் பேனாவால் கோடு போட்டு வைத்தேன். அவள் ஒன்றும் பேசவில்லை. மாதக் கடைசியில் கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டாள். சாஃப்ட்னர் மாட்டிய பிறகு முன்பு போட்டதில் பாதித் தூள் போதுமாக இருக்கிறது. மீதிப் பாதியை இத்தனை நாளும் தின்றது தண்ணீர்தான். அந்தக் கால்சியம் தீர்ந்தால்தானே நுரையே வரும்! வேலைக்கு வந்த முதல் நாளே அவள் சொன்னாள், "அக்கா, இந்தத் தண்ணியில நுரை நிக்காது, தூள் கூடத்தான் ஆகும்" என்று. படித்தவள் நான், காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இப்போது பி பிளாக்கில் வேலை செய்கிறாள். நேற்று லிஃப்ட்டில் பார்த்தேன். "நல்லா இருக்கீங்களாக்கா?" என்று அவள்தான் முதலில் கேட்டாள். எனக்கு வாய் வரவில்லை. மூன்றாவது மாடியில் இறங்கிப் போய்விட்டாள். வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்கலாமா? வேலை செய்கிற இடத்தில் போய் நின்றால் அவளுக்குத்தான் சங்கடமா? இந்த மாதிரி விஷயமெல்லாம் உனக்குத்தான் பிடிபடும். போனில் வேண்டாம், இவர் காதை நீட்டிக்கொண்டிருப்பார். எழுது.

தை பிறந்ததும் வருவதாகச் சொன்னாயே, இந்தத் தடவையாவது வா. வரும்போது அந்தத் தண்ணீரில் ஒரு கேன். ஒரே ஒரு நாள் நல்ல காபி குடிக்க வேண்டும்.

உன்,
ராஜி