அந்தப் பழுப்பு இலையை வெட்டாதே

புளியரை,
மாசி 24.

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். பலகையில் கட்டி நீ வளர்க்கும் மான்கொம்புப் பெரணியின் படத்தை அனுப்பி, பலகையை ஒட்டியிருக்கும் இலை காய்ந்துவிட்டதே, வெட்டிவிடலாமா என்று கேட்டிருந்தாய். வெட்டாதே அம்மா. ஃபோனிலேயே சொல்லியிருப்பேன், காரணத்தோடு சொல்ல வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

அந்தச் செடிக்கு இலை இரண்டு வகை. கொம்புபோலக் கிளைத்துத் தொங்குவது ஒன்று. பலகையோடு வட்டமாகப் படிந்து, பச்சையாக இருந்து பழுத்துக் காகிதம்போல் ஆகிவிடும் கேடய இலை மற்றொன்று. வேர் முழுவதும் அந்தக் கேடயத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது. பழுத்த பிறகும் ஈரத்தைப் பிடித்துவைத்து வேரைக் காப்பது அதுதான். நான் முதலில் வளர்த்த செடியில் அதைச் செத்த இலை என்று எண்ணி உரித்தபோது, நடுவிலிருந்த குருத்தும் கூடவே பிய்ந்து வந்துவிட்டது. ஒரு மாதத்தில் செடி போயிற்று. அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

நம் தோப்பு மாமரத்தின் கவட்டில் இருக்கும் முடவாட்டுக்கால் பெரணியை நினைத்துப் பார். அதன் கிழங்கில் அடர்ந்திருக்கும் பழுப்பு ரோமத்தைச் சிறுவயதில் நீ தடவிக்கொண்டே நிற்பாய். கோடையில் அதன் பச்சை இலைகள் உதிர்ந்து நடு ஈர்க்கு மட்டும் நிற்கும்போதும், அடியிலுள்ள பழுப்பு இலைகள் விழாமல், மரம் உதிர்க்கும் சருகை ஏந்தி அங்கேயே மக்கவைத்து எருவாக்கும். ஆனியில் ஆரியங்காவுக் கணவாய் வழியே சாரல் இறங்கியதும் செடி மறுபடி தளிர்த்துவிடும். ஆச்சி அதைப் புல்லுருவி என்று வெட்டச் சொன்னதுண்டு. புல்லுருவி மரத்துக்குள் வேரை இறக்கி உறிஞ்சும். இதுவோ பட்டையைப் பற்றியிருப்பதோடு சரி.

உன் செடியும் முடவாட்டுக்காலைப்போல மரத்தைப் பற்றி வாழ்வதுதான், ஆகவே மண்தொட்டிக்கு மாற்றிவிடாதே. பலகையைக் கழற்றித் தூக்கிப் பார். கனம் குறைந்திருந்தால் மட்டும் வாளித் தண்ணீரில் 10 நிமிடம் அமிழ்த்தி, நன்றாக வடியவிட்டு மாட்டு. பெங்களூரின் பங்குனி வறட்சிக்கு வாரம் 2 முறை தேவைப்படலாம். கேடயத்தின் அடி கறுத்து மெத்தென்று ஆனால் தண்ணீர் மிகுதி. கொம்புகள் துவண்டால் போதவில்லை. காலை வெயில் சற்றுப் படும் பால்கனியே போதும். கொம்பின் மேலுள்ள வெண்மையான மென்ரோமத்தைத் தூசி என்று துடைத்துவிடாதே, ஈரம் வற்றாமல் தடுப்பது அது. நுனியின் அடிப்பக்கம் காப்பித்தூள் அப்பியதுபோல் தோன்றினால் பூச்சி என்று மருந்தடிக்கவும் வேண்டாம். அது செடியின் வித்துத்தூள்.

தேங்காய்த் தும்பு ஒரு பை அனுப்புகிறேன். உப்புப் போக 3 தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து காயவைத்ததுதான். கேடயத்தின் மேல்விளிம்பில் இடைவெளி தெரிந்தால், இலை கிழியாமல் விரலால் மெல்லச் செருகிவிடு.

அன்புடன்,
அப்பா