டெல்லி போலீஸ் யாருக்குப் பதில் சொல்லும்?

ஐயா,

டெல்லியில் எங்காவது குற்றம் நடந்தால், ஊரிலிருந்து போன் செய்யும் சொந்தக்காரர்கள் "உங்க முதலமைச்சர் என்னதான் பண்றார்?" என்று கேட்கிறார்கள். அவரால் ஒரு ஏட்டைக்கூட இடம் மாற்ற முடியாது என்றால் நம்ப மறுக்கிறார்கள்!

1991-ல் வந்த 69-வது அரசியல் சட்டத் திருத்தம் டெல்லிக்குச் சட்டசபை தந்தது. போலீஸ், பொது ஒழுங்கு, நிலம் மூன்றையும் மத்திய அரசிடமே விட்டுவிட்டது. டெல்லி போலீஸ் மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. டெல்லி அரசின் அதிகாரம் எதுவரை என்ற வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றமும் இந்த மூன்றையும் விலக்கித்தான் தீர்ப்புச் சொன்னது.

போன வருடம் எங்கள் தெருவில் ஒரு பாட்டியின் சங்கிலியை பைக்கில் வந்தவர்கள் அறுத்துக்கொண்டு போனார்கள். கம்பத்தில் இருந்த கேமரா டெல்லி அரசு வைத்தது. திருடனைத் தேட வேண்டியது மத்திய அரசின் போலீஸ். எம்.எல்.ஏ. கையை விரித்தார். எம்.பி. அலுவலகத்தில் மனுவை வாங்கி வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

நாடாளுமன்றம், தூதரகங்கள் உள்ள புதுடெல்லிப் பகுதியின் பாதுகாப்பு மத்திய அரசிடம் இருக்கட்டும், அதில் நியாயம் உண்டு. சங்கிலிப் பறிப்பும் போக்குவரத்தும் எதற்கு உள்துறை அமைச்சருக்கு? மற்ற பகுதிகளின் காவல் நிலையங்களையாவது நாங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பும் 70 பேரின் சபைக்குப் பதில் சொல்ல வையுங்கள்.

— டெல்லிவாழ் வாசகர்