ஒன்பது கேள்விக்கும் ‘இல்ல’

கன்னியாகுமரி மாவட்ட சுகாதார அலுவலர் அவர்களுக்கும், அரசு மருத்துவமனைகளின் மகளிர் நோய்ப் பிரிவு மருத்துவர்களுக்கும்,

வணக்கம். கருங்கல் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் அக்காவுக்கு முந்திரி ஆலையில் வேலை. மூன்று வருடமாகக் கர்ப்பப்பையில் கட்டி. மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் ரத்தப்போக்கு, ஹீமோகுளோபின் 7. வெளிர் நிறச் சேலை உடுத்துவதையே விட்டுவிட்டாள்.

போன தடவை ஒரு மருத்துவமனையில் மனநிலை பற்றிக் கேள்வி கேட்டார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் கேட்டது நெரிசலான பெஞ்சு முன்னால், பக்கத்தில் மாமியார் இருக்க, சத்தமாக. (மாமியார் கெட்டவர் இல்லை, ஓபி சீட்டுக்கு விடியற்காலையில் வரிசையில் நிற்பவரே அவர்தான்.) அக்கா ஒன்பது கேள்விக்கும் “இல்ல” என்றாள். மதிப்பெண் பூஜ்யம். திரும்பும்போது தக்கலை தாண்டி, மாமியார் கண்ணயர்ந்ததும், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அங்கே கேட்டது பி.எச்.கியூ-9 என்ற, மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கும் ஒன்பது கேள்வித் தாள். கேள்விக்கு 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பொதுவாக 10 வந்தாலே கவனிக்க வேண்டும் என்பார்கள். அதில் தூக்கம், களைப்பு, பசி எல்லாம் உண்டு. ஹீமோகுளோபின் 7 இருப்பவளுக்குக் களைப்பு வராமல் என்ன வரும்? அவள் உண்மையைச் சொல்லியிருந்தாலும், அந்த மதிப்பெண்ணில் ரத்தசோகை எவ்வளவு, மனவேதனை எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பீர்கள்? இதை யோசித்துத்தான் சிக்மண்ட், ஸ்னெய்த் என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் 1983-இல் மருத்துவமனை நோயாளிகளுக்கென ‘ஹேட்ஸ்’ அளவுகோலை உருவாக்கினார்கள். பதற்றத்துக்கு 7, மனச்சோர்வுக்கு 7 கேள்விகள்; களைப்பு, தூக்கமின்மை போன்றவற்றை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். மகளிர் நோய்ப் பிரிவுக்கு அது பொருந்துமா என்று பாருங்கள். எந்தத் தாளானாலும் நோயை உறுதி செய்யாது. யாரை உட்கார வைத்துப் பேச வேண்டும் என்று காட்டும், அவ்வளவுதான்.

அப்புறம், வார்த்தை. ‘மனச்சோர்வு’ என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. “ஒண்ணும் பிடிக்கல்ல”, “நெஞ்சு படபடன்னு அடிக்கு” என்றுதான் அக்கா சொல்வாள். அப்படியே கேட்டால் பதில் வரும்.

பி.எச்.கியூ-9-இன் கடைசிக் கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வருகிறதா என்பது. அதற்கு ஒருத்தி “ஆமா” என்றால் அன்றைக்கே மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் அவளைப் பார்க்க வழி வேண்டும். மனநல உதவிக்கான அரசுத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416-ஐ ஓபி சீட்டிலேயே அச்சடித்துக் கொடுக்கலாம்.

அக்கா அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடி வருகிறாள். கேட்பவர் மாமியாரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லி, கதவைச் சாத்திவிட்டுக் கேட்கட்டும்.

இப்படிக்கு,
தங்கை ஒருத்தி