சின்னவன் கீறின செவர்

மகள், நீ அனுப்பின படமெல்லாம் பாத்தன், அம்மாவும் பாத்திட்டு பேரன் பெர்மனன்ட் மாக்கரால செவர், அலுமாரி எல்லாம் ரயில் நல்லாக் கீறியிருக்கான் எண்டு சிரிக்கா. கொழும்பில வெள்ளவத்தையில வாடகை வீட்டில இரிக்கிற உனக்கு சிரிப்பு வராது தான், வீட்டுக்காரம்மா அட்வான்ஸ் காசில பிடிப்பாவோ எண்ட பயம். பொடியனுக்கு அடிச்சிப் போடாத. முதல்ல கையில இரிக்கிற ஸ்கிரப்பர கீழ வை, செவர்ல ஒரு இடம் மினுமினுக்குது, நீ விம் போட்டுத் தேச்ச இடம் தானே அது, மட் எமல்ஷன், அதான் மினுக்கமில்லாத செவர் பெயின்ட், அப்பிடித்தான், உரஞ்ச உரஞ்ச பளபளக்கும், கறை போகாது.

பெர்மனன்ட் மாக்கர் மை தண்ணிக்கும் சவுக்காரத்துக்கும் அசையாது புள்ள. சாயத்தையும் பிசினையும் ஸ்பிரிட்டில கரைச்சித்தான் அது செய்யிற, கீறின உடன ஸ்பிரிட் காத்தில போயிரும், மத்தது ஒட்டிப் பிடிச்சிரும். திரும்ப ஸ்பிரிட்டக் குடுத்தா இளகும். பாமசியில சேர்ஜிக்கல் ஸ்பிரிட் கேளு, இல்லாட்டி கொரோனா நேரம் வாங்கின சனிடைசர் கிடந்தா அதுவும் சரி. டைல்ஸ், பிரிட்ஜ் கதவு, ஜன்னல் கண்ணாடி எல்லாம் பஞ்சில நனைச்சித் துடைச்சா போயிரும். டைல்ஸ் இடுக்கில ஊறினது மட்டும் முழுசாப் போறது கஷ்டம். சின்னவன்ட வைட்போர்ட்டில இரிக்கிறதுக்கு ஸ்பிரிட்டும் வேணாம், போர்ட் மாக்கரால அதுக்கு மேலயே கீறி காயமுதல் துடை, ரெண்டும் சேந்து வரும்.

அலுமாரிக்கு ஸ்பிரிட் வைக்கவே வைக்காத! பழைய மர அலுமாரிக்கு அடிச்ச பிரெஞ்ச் பொலிஷும் ஸ்பிரிட்டில கரைச்ச சாமான் தான், கறையோட பொலிஷும் கழண்டு வெள்ளையா நிக்கும். வெள்ளை டூத் பேஸ்ட் கொஞ்சம் துணியில எடுத்து மரத்திர ரேகை போற பக்கமா மெதுவாத் தேய், ஈரத்துணியால துடை, பொறகு மெழுகு பொலிஷ் போடு. டிவி ஸ்கிரீனுக்கும் ஸ்பிரிட் வேணாம். நகப்பூச்சு அழிக்கிற கியூடெக்ஸ் ரிமூவர் பிளாஸ்டிக்கில பட்டா பிளாஸ்டிக்கே இளகும், அத எடுக்காத. பிளீச்சோட இதுகள் ஒண்டையும் கலந்திராத, நச்சுப் புகை வரும். ஸ்பிரிட் எடுக்கக்குள்ள ஜன்னலத் திற, கேஸ் குக்கர் எரியப்படாது.

செவர்தான் பெரிய வேல. சோபாவுக்குப் பின்னால, கண் படாத இடத்தில முதல்ல ஸ்பிரிட் பஞ்சால ஒத்திப் பாரு. பெயின்ட் பஞ்சில வராட்டி கறைக்கு ஒத்து, தேய்க்காத, ஒவ்வொருக்கா புதுப் பஞ்சு எடு, வெளிப்பக்கத்தில இருந்து நடுவுக்கு வா, இல்லாட்டி ரயில் செவர் முழுக்க ஓடும். அப்பவும் நிழலாத் தெரிஞ்சா அதுக்கு மேல நேர எமல்ஷன் அடிக்கச் செல்லி ஆரும் சொன்னாக் கேக்காத, எத்தின கோட் அடிச்சாலும் மை ஊறி மேல வரும், இஞ்ச மட்டக்களப்பில கல்லடிப் பக்கம் அவசரத்துக்கு அடிச்ச வீடு எத்தினய நான் திருப்பி அடிச்சிரிக்கன். கறை மறைக்கிற பிரைமர் எண்டு ஹாட்வெயார்ல கேளு, அத அடிச்சிக் காயவிட்டுத்தான் எமல்ஷன் ரெண்டு கோட். அதுவும் கறை பட்ட இடத்துக்கு மட்டும் அடிச்சா திட்டுத் திட்டாத் தெரியும், பழைய கலர் மங்கியிருக்கும் தானே, ஒரு மூலையில இருந்து மத்த மூலை வரைக்கும் அந்தச் செவர் முழுக்க அடிக்கணும். வாங்கமுதல் வீட்டுக்காரம்மாட்ட பழைய டப்பா கிடக்கா எண்டு கேளு, அதில கலர் நம்பர் இரிக்கும், படம் எடுத்து எனக்கு அனுப்பு. கடைக்காரன் பெரிய டப்பாவத் தலையில கட்டப் பாப்பான், ஒரு செவருக்கு அவ்வளவு தேவையில்ல.

மருமகனுக்கு லீவு இல்லாட்டி செல்லு மகள், ராத்திரி ரயில் எடுத்து நான் வாறன், என்ட பிரஷ் ரோலர் எல்லாம் கழுவித்தான் வெச்சிரிக்கன்.

அப்பா