30 மைல் சாலையில் 36: பிரிட்டனில் புது லைசென்ஸ் வாங்கிய தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய போலீஸ் நோட்டீஸை இரண்டு பக்கமும் பெரிதாக்கிப் படித்துவிட்டேன். மணிக்கு 30 மைல் வரம்புள்ள சாலையில் 36 மைல் வேகம். இதோடு நின்றிருந்தால், பயப்படாதே என்று இரண்டு வார்த்தை சொல்லி ஃபோனை வைத்திருப்பேன். ஆனால் அதற்குக் கீழே கேட்டிருந்தாயே, "மாமா பெயரை எழுதி அனுப்பிவிடட்டுமா அக்கா? அவருக்குத்தான் ஒரு பாயிண்ட்கூட இல்லையே" என்று, அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. இங்கே வந்து புதிதாக லைசென்ஸ் எடுத்த நம் ஆட்கள் வேறு சிலரும் இதையே கேட்டிருக்கிறார்கள். அதனால் உனக்கு எழுதுவதை எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள். உன் கையில் இருப்பது அபராதச் சீட்டு இல்லை. உன் மேல் வழக்குப் போட உத்தேசித்திருக்கிறோம் என்ற அறிவிப்பும், அன்றைக்கு வண்டியை ஓட்டியது யார் என்ற கேள்வியும் ஒரே கவரில் வந்திருக்கின்றன. இப்போதைக்கு அவர்கள் பணம் கேட்கவில்லை. ஒரு பெயரைத்தான் கேட்கிறார்கள். அதற்கு உனக்கு 28 நாள் அவகாசம். 1988-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 172-ஆவது பிரிவு அது. பதில் சொல்லாமல் விட்டால் அதுவே தனிக் குற்றம்: லைசென்ஸில் 6 பாயிண்ட் (குற்றத்துக்குத் தண்டனையாக விழும் புள்ளிகள்), 1,000 பவுண்டு வரை அபராதம்.

அந்த 6 என்ற எண் உனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொல்கிறேன். ஊரில் பத்து வருஷம் கார் ஓட்டியவன் நீ. ஆனால் இந்திய லைசென்ஸை இங்கே மாற்றித் தர மாட்டார்கள், அதனால்தான் நீயும் தியரி, பிராக்டிகல் இரண்டும் எழுதிப் பாஸ் பண்ணினாய். அந்த டெஸ்ட் பாஸ் பண்ணிய தேதியிலிருந்து இரண்டு வருஷத்துக்குச் சட்டத்தின் கண்ணில் நீ புது டிரைவர். ஊரில் ஓட்டியதெல்லாம் கணக்கிலேயே வராது. புது டிரைவர்களுக்கென்று 1995-இல் ஒரு சட்டம் போட்டு, 1997 ஜூன் 1 முதல் அமலில் வைத்திருக்கிறார்கள். இந்த இரண்டு வருஷத்துக்குள் செய்த குற்றங்களால் உன் பாயிண்ட் ஆறைத் தொட்டால், லைசென்ஸ் வழங்கும் டிவிஎல்ஏ அதை ரத்து செய்துவிடும். மற்றவர்களுக்கு 12 பாயிண்ட் சேர்ந்தால்தான் ஆபத்து, அப்போதும் நீதிபதி முன்னால் நின்று வேலை போய்விடும், குடும்பம் கஷ்டப்படும் என்று கெஞ்ச ஒரு வழி இருக்கிறது. உனக்கு அந்த வழியே கிடையாது. ரத்து என்று கடிதம் வரும், அவ்வளவுதான். மறுபடி புரொவிஷனல் லைசென்ஸ், எல் பலகை, தியரி, பிராக்டிகல் என்று எல்லாம் முதலிலிருந்து. விழுந்த பாயிண்டும் அப்படியே இருக்கும். லேர்னராக இருந்தபோது வாங்கிய பாயிண்ட் இன்னும் செல்லுபடியாகிறது என்றால் அதையும் கூட்டிக்கொள்வார்கள்.

இப்போது நீயே கணக்குப் போட்டுப் பார். 36 மைலில் போனதற்கு அதிகபட்சமாக உனக்கு வரப்போவது அநேகமாக 3 பாயிண்ட். கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு டீப்பாயில் போட்டு வைத்தால் 6. வேகம் உன் லைசென்ஸைப் பறிக்காது. பதில் போடாமல் ஆறப்போட்டால் பறித்துவிடும்.

நம் ஆட்களில் பலர் மாட்டுவது இங்கேதான். வருஷத்துக்கு ஒரு வாடகை வீடு மாறுவோம், வண்டியின் பதிவுச் சான்றான லாக் புக்கில் மட்டும் பழைய முகவரி அப்படியே கிடக்கும். நோட்டீஸ் பழைய வீட்டுக்குப் போகும், அங்கே இருப்பவர் குப்பையில் போடுவார், இவருக்குத் தெரியாமலே கோர்ட்டில் தீர்ப்பாகி லைசென்ஸ் போயிருக்கும். அப்படி ஆனால், தெரியவந்த 21 நாளுக்குள் எனக்கு வழக்கைப் பற்றித் தெரியவே தெரியாது என்று சத்தியப் பிரமாணம் கொடுத்து வழக்கைத் திரும்ப ஆரம்பத்துக்குக் கொண்டுவரலாம். வழி இருக்கிறது என்றாலும் அந்த அலைச்சல் யாருக்கும் வேண்டாம். உன் லாக் புக், லைசென்ஸ் இரண்டிலும் இப்போதைய முகவரி இருக்கிறதா என்று இந்த வாரமே பார்த்துவிடு.

யாராவது உன்னிடம், "14 நாளுக்குள் வராவிட்டால் நோட்டீஸ் செல்லாது" என்று சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. கேமராவில் பிடித்தால், லாக் புக்கில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு 14 நாளுக்குள் முதல் நோட்டீஸ் போய்ச் சேர வேண்டும். உன் நோட்டீஸில் தேதி சரியாகத்தான் இருக்கிறது. ஒருவேளை தாமதமாகவே வந்திருந்தாலும், யார் ஓட்டியது என்ற கேள்விக்குப் பதில் கொடுத்தே ஆக வேண்டும். தாமதத்தை வைத்து வாதாடுவது வேறு, பதிலே போடாமல் இருப்பது வேறு.

சரி, மாமாவுக்கு வருகிறேன். அவர் நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார். வீட்டுப் பிள்ளைக்கு ஒரு கஷ்டம் என்றால் தோள் கொடுப்பது நமக்குப் பழக்கம். ஆனால் ஓட்டாதவர் பெயரை ஓட்டியவர் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதற்கு இந்த நாட்டில் பெயர் நீதியைத் திசைதிருப்புவது. அது போக்குவரத்துக் குற்றம் கூட இல்லை, கிரிமினல் குற்றம். கிறிஸ் ஹ்யூன் என்று ஒரு அமைச்சர் இருந்தார். 2003-இல் எம்11 நெடுஞ்சாலையில் வேகமாகப் போய்க் கேமராவில் சிக்கினார். அன்றைக்கு அவர் மனைவியாக இருந்த விக்கி பிரைஸ் அந்தப் பாயிண்ட்டைத் தன் பெயரில் ஏற்றுக்கொண்டார். எட்டு வருஷம் கழித்து விஷயம் வெளியே வந்தது. 2013 மார்ச்சில் இருவருக்கும் ஆளுக்கு 8 மாதச் சிறை. எழுதிக் கொடுத்தவருக்கு மட்டுமில்லை, ஏற்றுக்கொண்டவருக்கும் அதே தண்டனை. மூன்று பாயிண்டுக்காக ஒரு அமைச்சர் பதவியும் போனது, மானமும் போனது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை அது. நீயோ விசாவில் இருப்பவன். சிறைத் தண்டனை என்று பதிவானால் நிரந்தர வசிப்புரிமைக் கனவு என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மாமாவுக்கு இந்த வயதில் அப்படி ஒரு நிலைமையைக் கொண்டுவரும் உரிமை உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

ஆகவே உன் பெயரை எழுது. கையெழுத்துப் போட மறந்துவிடாதே, கையெழுத்தில்லாத ஃபாரம் பதில் தராததற்குச் சமம். அன்றைக்கு ஓட்டியது நீயா, உன் மனைவியா என்று உண்மையிலேயே சந்தேகம் இருந்தால் கேமரா படத்தைக் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் படம் வருவதற்காக அந்த 28 நாள் நீளாது.

பதில் போன பிறகு அடுத்த கடிதம் வரும். அதில் என்ன இருக்கும் என்பதுதான் நீ உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டியது.

உன் வேகத்துக்குப் பெரும்பாலும் வேக விழிப்புணர்வு வகுப்புக்கு வருகிறாயா என்றுதான் கேட்பார்கள். போலீஸ் துறைத் தலைவர்களின் வழிகாட்டுதல்படி, 30 மைல் சாலையில் 35 முதல் 42 வரை போனவர்களை இந்த வகுப்புக்கு அனுப்பலாம். 10 சதவீதமும் அதற்கு மேல் 2 மைலும் என்று கணக்குப் போட்டு அந்த 35 வருகிறது. ஆனால் அது சலுகை, சட்டம் இல்லை. 31-இல் போனாலும் குற்றம்தான், வகுப்பைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று நீ கேட்கவும் முடியாது. மூன்று வருஷத்துக்குள் ஏற்கெனவே ஒரு முறை இந்த வகுப்புக்குப் போனவருக்குத் திரும்பக் கிடைக்காது. புது டிரைவர் என்பதற்காக மறுக்க மாட்டார்கள்.

கட்டணம் ஏறக்குறைய 100 பவுண்டு, இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக நடக்கும். வீட்டிலிருந்தே வீடியோவில் கலந்துகொள்ளலாம். கடைசியில் பரீட்சை எதுவும் இல்லை. ஆனால் நேரத்துக்கு வர வேண்டும், கேமராவை அணைக்காமல் உட்கார வேண்டும், கேட்டால் பேச வேண்டும். சமையலறையில் ஃபோனைச் சாய்த்து வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தால் வெளியேற்றிவிடுவார்கள், வழக்கு பழையபடி உயிர் பெறும். ஒழுங்காக முடித்தால் பாயிண்ட் இல்லை, தண்டனைப் பதிவும் இல்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று இதைத்தான் சொல்வார்கள். வேறு எதையும் யோசிக்காமல் இதை எடுத்துக்கொள்.

அந்த வகுப்பை வெறும் சடங்காக நினைக்காதே என்றும் கேட்டுக்கொள்கிறேன். இங்கே தெருவிளக்கு வரிசையாக, 200 கஜத்துக்கு மிகாத இடைவெளியில் நிற்கிற சாலையில் வேறு பலகை எதுவும் இல்லையென்றால் அது 30 மைல் சாலை. அதை நினைவூட்ட வழியெங்கும் 30 என்று பலகை வைக்க மாட்டார்கள். நீ பலகையைத் தேடிக்கொண்டு ஓட்டுகிறாய், பார்க்க வேண்டியது விளக்குக் கம்பத்தை. வேல்ஸ் பக்கம் போனால் அதே மாதிரிச் சாலைகளில் 2023 செப்டம்பர் 17 முதல் 20 மைல்தான். இன்னொன்று: ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக்கூடாது என்பது விதி. கொஞ்சம் கூட்டிக் காட்டத்தான் அனுமதி. அதனால் கேமராவில் 36 என்றால், அந்த நேரத்தில் உன் முள் பெரும்பாலும் 36-ஐத் தாண்டித்தான் நின்றிருக்கும். "தெரியாமல் ஒரு மைல் கூடிவிட்டது" என்பது உனக்குப் பொருந்தாது, தம்பி. 30 மைலில் போகும்போது ஆபத்தைப் பார்த்து, சுதாரித்து பிரேக் போட்டு வண்டி நிற்க மொத்தம் 23 மீட்டர் ஆகும், 40 மைலில் 36 மீட்டர் என்று நீ தியரிக்குப் படித்த ஹைவே கோடிலேயே இருக்கிறது. ஆறு மைல் என்ன பெரிய விஷயம் என்று நீ எழுதியிருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. குறுக்கே ஓடிவரும் குழந்தைக்கு அந்த ஆறு மைல் பெரிய விஷயம்.

வகுப்பு கிடைக்காவிட்டால் வருவது நிலையான அபராதம்: 100 பவுண்டு, 3 பாயிண்ட். உன் லைசென்ஸ் பதிவில் எஸ்பி30 என்ற குறியோடு, குற்றம் நடந்த நாளிலிருந்து நாலு வருஷம் இருக்கும். இதை ஏற்றால் லைசென்ஸ் போகாது. ஆனால் இரண்டு வருஷம் முடியும்வரை நீ கத்தி மேல் நடக்க வேண்டும், இன்னொரு 3 வந்தால் கதை முடிந்தது. கையில் ஃபோனைப் பிடித்துக்கொண்டு ஓட்டினால் ஒரே அடியில் 6 பாயிண்ட், 200 பவுண்டு. சிக்னலில் நிற்கும்போது மெசேஜ் பார்த்தாலும் அதே கணக்குதான். நீ அப்படிப் பார்ப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது வழி கோர்ட். வண்டியை நீ ஓட்டவில்லை, அல்லது வேக வரம்புப் பலகையிலேயே கோளாறு என்று காட்ட ஆதாரம் இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போ. 30-இல் 40 வரை போனவர்களுக்குக் கோர்ட்டிலும் அதே 3 பாயிண்ட்தான். அபராதம் மட்டும் வார வருமானத்தில் பாதி என்று ஆரம்பிக்கும், அதற்கு மேல் 40 சதவீதக் கூடுதல் தொகை, அரசுத் தரப்புச் செலவு வேறு. குற்றத்தை ஒப்புக்கொண்டால் அபராதத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை குறையும், அப்போதும் 100 பவுண்டைவிட அதிகமாகத்தான் வரும். வழக்கை இழுத்தடித்து இரண்டு வருஷத்தைத் தாண்டிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதே. பார்ப்பது குற்றம் நடந்த தேதியை, தீர்ப்புத் தேதியை இல்லை.

இன்சூரன்ஸ்காரர்களிடம் ஒளிக்காதே. பாயிண்ட் விழுந்தால் சொல்ல வேண்டும், பொதுவாக ஐந்து வருஷ விவரம் கேட்பார்கள். வகுப்புக்குப் போனதைச் சில கம்பெனிகள் கேட்கும், சில கேட்காது. கேட்டால் உள்ளபடி சொல். பொய் சொல்லி இரண்டு பவுண்டு மிச்சம் பிடித்து, நாளைக்கு விபத்து என்று வந்தால் பாலிசி செல்லாது என்று கையை விரித்துவிடுவார்கள். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியதாக ஆனால் அதற்கும் 6 பாயிண்ட், 300 பவுண்டு.

இன்றைக்கு ராத்திரியே ஃபாரத்தை நிரப்பு. ஆன்லைனில் பதில் கொடுக்க வசதி இருந்தால் அதிலேயே கொடுத்து, வந்த உறுதிச் செய்தியைப் பத்திரப்படுத்து. தபாலில் என்றால் இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு, கையெழுத்து வாங்கிக் கொடுக்கும் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள். வகுப்புக்கான கடிதம் வந்ததும் கடைசித் தேதி வரை காத்திருக்காமல் ஒரு நாளைப் பதிவு செய். ஏதாவது ஒரு கட்டத்தில் என்ன எழுதுவது என்று புரியாவிட்டால் அனுப்புவதற்கு முன்னால் என்னைக் கூப்பிடு, எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை. மாமாவிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா