முள் நகராத ரெகுலேட்டர்

சூரமங்கலம்,
சேலம்.

அன்பு மகள் தேன்மொழிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கடலில் முழுகும்போது மூச்சுவிட, சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டரைச் சொந்தமாக வாங்க 45,000 ரூபாய் சேர்த்திருப்பதையும், அந்தப் பணத்துக்குப் புதிதாக ஓர் எளிய செட் வாங்குவதா, வேலையை விட்டு ஊர் திரும்பும் பயிற்சியாளர் தருவதாகச் சொல்லும் உயர்ரகப் பழைய செட்டை வாங்குவதா என்று நீ தயங்குவதையும் அறிந்தேன்.

நான் கடலுக்கடியில் போனவன் இல்லை. ஆனால் 31 ஆண்டுகள் கேஸ் வெல்டிங் பட்டறையில் ரெகுலேட்டரோடு பழகியவன். நீ வாயில் கவ்வும் கருவியும் என் ஆக்சிஜன் சிலிண்டர் தலையில் இருந்ததும் ஒரே குலத்தைச் சேர்ந்தவைதான். உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காத பிரான்சில், கார்களை வாயுவில் ஓட்டுவதற்காக எமில் கன்யான் என்ற பொறியாளர் செய்து வைத்திருந்த ரெகுலேட்டரைத்தான் அவரும் கூஸ்தோ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியும் 1943-இல் மூச்சுக் கருவியாக மாற்றினார்கள். அந்த உறவை நம்பித்தான் உனக்கு யோசனை சொல்லத் துணிகிறேன்.

சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் காற்றை, ரெகுலேட்டரின் முதல் நிலை என்னும் பாகம், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிட 9 அல்லது 10 பார் மட்டும் கூடுதலாக இருக்கும்படி இறக்குகிறது. வாயருகே உள்ள இரண்டாம் நிலை, நீ மூச்சிழுக்கும்போது மட்டும் திறந்து, அதை நீரின் அழுத்தத்துக்கே கொண்டுவந்து தருகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைநிலை அழுத்தம் சொன்ன இடத்தில் நிற்கிறதா என்பதே என் கணக்கில் முதல் கேள்வி. விலையும் பெயரும் அதற்குப் பின்னால்தான்.

1996-இல், பணம் மிச்சம் பிடிக்க ஒரு பழைய ஆக்சிஜன் ரெகுலேட்டரை வாங்கினேன். பித்தளை பளபளவென்று இருந்தது. 3 பாரில் வைத்து, வெல்டிங் டார்ச்சை மூடிவிட்டு, தேநீர் குடித்துத் திரும்பினால் முள் 7-இல் நிற்கிறது. கையை நீட்டுவதற்குள் ஹோஸ் கிளிப்போடு பிய்த்துக்கொண்டு போனது. பக்கத்தில் நின்ற பையனுக்கு இரண்டு நாள் காது அடைத்திருந்தது. பிரித்துப் பார்த்தேன். வால்வு அமர்ந்து மூடும் சீட்டில் வட்டமாக ஒரு தடம், அதன் குறுக்கே தலைமயிர் கனத்தில் ஒரு கீறல். அவ்வளவுதான். அந்தக் கீறல் வழியே காற்று ஓசையில்லாமல் ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது.

உன் கருவியில் இதே கோளாறு வந்தால் ஹோஸ் பிய்யாது. மிகுதியான அழுத்தம் இரண்டாம் நிலையைத் தள்ளித் திறந்துவிடும். ஆனால் காற்று நிற்காமல் கொட்டிச் சிலிண்டர் காலியாகும். ஆகவே எந்தச் செட்டாக இருந்தாலும், மிதவைச் சட்டைக்குப் போகும் ஹோஸில் ஒரு இடைநிலை அழுத்த கேஜைப் பொருத்தி, நிறைந்த சிலிண்டரைத் திறந்து, இரண்டாம் நிலையின் பொத்தானை நான்கைந்து முறை அழுத்திவிட்டுப் பார். முள் ஒவ்வொரு முறையும் அதே எண்ணுக்குத் திரும்ப வேண்டும். பிறகு ஐந்து நிமிடம் அங்கேயே நிற்க வேண்டும். மெல்ல ஏறினால் சீட் தேய்ந்திருக்கிறது என்று பொருள். சிலிண்டரில் மாட்டாமல், முதல் நிலையின் வாயிலுக்கு மூடியைப் போட்டுவிட்டு வாயில் வைத்து இழுத்தும் பார். காற்று வந்தால் டயாபிரம் என்னும் ரப்பர் சவ்வோ வெளிமூச்சு வால்வோ கிழிந்திருக்கும். முதல் நிலையின் வாயிலில் இருக்கும் வடிகட்டியில் பச்சைப் பூத்திருந்தால் உள்ளே உப்புநீர் போயிருக்கிறது.

பழைய செட் மூன்று ஆண்டுகள் பெட்டியிலேயே இருந்தது என்பதை அவர் நல்ல அம்சமாகச் சொன்னதாக எழுதியிருந்தாய். ரப்பருக்கு ஓய்வு என்று ஒன்று கிடையாது, கண்ணு. சும்மா கிடந்தாலும் அது காய்ந்து இறுகும். ஓராண்டு அல்லது 100 முழுக்குக்கு ஒருமுறை சர்வீஸ் செய்வது பழைய வழக்கம். இப்போது சில நிறுவனங்கள் இரண்டாண்டு என்கின்றன. எப்படிப் பார்த்தாலும் அந்தச் செட்டை வாங்கிய மறுநாளே முதல் நிலை, இரண்டாம் நிலை, பிறருக்குக் கொடுக்க வைத்திருக்கும் கூடுதல் இரண்டாம் நிலையான ஆக்டோபஸ் என மூன்றுக்கும் சர்வீஸ் கிட் வாங்கிக் கூலியும் கொடுத்தாக வேண்டும். அதைக் கூட்டினால் அது உன் 45,000-க்குள் அடங்காது.

புதிய செட்களில் நீ குறித்திருக்கும் ஸ்கூபாப்ரோ எம்கே2, கிரெஸ்ஸி ஏசி2 இரண்டும் பேலன்ஸ் செய்யப்படாத பிஸ்டன் வகை. அசையும் பாகங்கள் குறைவு, பிரித்துக் கோப்பது எளிது, நீண்ட நாள் உழைக்கும். இந்த எளிமையை நான் பெரிதும் மதிக்கிறேன். இதன் குறையையும் சொல்லிவிடுகிறேன். சிலிண்டர் அழுத்தம் குறையக் குறைய இடைநிலை அழுத்தமும் சற்று இறங்குவதால், கடைசியில் மூச்சு கொஞ்சம் கனக்கும். 18 மீட்டரில் 50 பார் மீதமிருக்கும்போது உனக்கு அது பெரிதாகத் தெரியாது. மேட்டூர் அணையின் முழு நீர்மட்டமான 120 அடியை நினைத்துக்கொள். அவ்வளவு ஆழத்தில் ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே இழுப்பதைப் போல நான்கரை மடங்கு காற்று வேண்டும். அங்கே பதறிய விருந்தாளி ஒருவரும் உன் சிலிண்டரிலிருந்தே இழுத்தால், பேலன்ஸ் செய்த முதல் நிலையின் அருமை தெரியும். ஆட்களை ஆழத்துக்கு அழைத்துப் போகும் பொறுப்பு உனக்கு வரும்போது அதை வாங்கியே ஆக வேண்டும். இந்த ஆண்டு நீ பயிற்சியில்தான் இருக்கிறாய்.

குளிர்நீருக்கான சீல் வைத்த வகைக்குக் கூடுதல் பணம் தராதே. அழுத்தம் சட்டென்று இறங்கும் இடத்தில் குளிர் பிறக்கும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரின் ரெகுலேட்டரில், சேலத்துச் சித்திரை வெயிலிலும் வெண்பனி படர்வதைச் சிறுவயதில் தொட்டுப் பார்த்து நீ கையை இழுத்துக்கொண்டது நினைவிருக்கும். 10 டிகிரிக்குக் கீழான நீரில் அந்தப் பனி ரெகுலேட்டரையே உறைய வைத்துவிடக்கூடும். உன் கடல் 28 டிகிரி. அந்தச் சீல் உப்பையும் மணலையும் வெளியே நிறுத்தும் என்பது உண்மைதான். ஆனால் அந்த வேலையில் பெரும்பங்கை, முழுகி வந்ததும் நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுவதே செய்துவிடும். ஊறும்போது மூடி காய்ந்து இறுக்கமாக இருக்கட்டும், பொத்தானை அழுத்தாதே.

அங்குள்ள சிலிண்டர்கள், ரெகுலேட்டரை மேலே கவ்வி மாட்டும் யோக் வகை என்று எழுதியிருப்பதால் யோக்கே வாங்கு. திருகிப் பொருத்தும் 300 பார் டின் (DIN) வகை உனக்கு இப்போது தேவையில்லை.

ஆக, புதியதையே வாங்கு. இரண்டில் எது என்பதை, உனக்கு எட்டும் தொலைவில் உள்ள மெக்கானிக் எதற்குக் கிட் வைத்திருக்கிறார் என்று கேட்டுத் தீர்மானித்துக்கொள். ஆக்டோபஸில் மட்டும் சிக்கனம் பார்க்காதே. அது பிறருடைய மூச்சு. மிகவும் பயந்த நேரத்தில்தான் ஒருவர் அதைத் தேடி வருவார். அதற்கும் கேஜுக்குமாக 8,000 ரூபாய் உன் கணக்கில் போட்டிருக்கிறேன். மறுக்காமல் எடுத்துக்கொள்.

வாங்கிய அன்று முள் நின்ற எண்ணையும், ஐந்து நிமிடம் கழித்து நின்ற எண்ணையும் தேதியோடு எழுதி அனுப்பு. என் பட்டறை நோட்டில் உனக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கிக் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா